கோரி கெளுத்தி வளர்ப்பு: வடசென்னை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு மீன் தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் வெண்கலக் கோரி, இன்னொன்றில் ஸ்டெர்பாய் கோரி. கொளத்தூரில் மீன் வாங்கி வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பாதிக் கேள்விகள் மீன் செத்த பிறகு வந்தவை. வாங்கும் முன்பே யாராவது படித்தால் எனக்கு நிம்மதி.

கோரி என்பது என்ன மீன்? நம்ம ஊர் கெளுத்தியா?

நம்ம ஊர் மீன் இல்லை, ஆனால் சொந்தம்தான். கெளுத்தி, கெளிறு, தேளி என்று நாம் சொல்லும் மீசை மீன்களின் பெரிய கூட்டத்தில் கோரியும் சேரும். அதன் ஊர் தென் அமெரிக்கா. அமேசான், ஓரினோக்கோ போன்ற ஆறுகளிலும் அவற்றின் கிளை ஓடைகளிலும், மணலும் இலைச்சருகும் படிந்த இடங்களில் கூட்டமாக மேயும். கோரியின் முழுப்பெயரான கோரிடோராஸ் என்பதை 1803ல் பிரெஞ்சு உயிரியலாளர் லாசெபீட் வைத்தார். தலைக்கவசம், தோல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்த பெயர் அது. மீனைப் பக்கவாட்டில் பார்த்தால் காரணம் புரியும்: செதில் கிடையாது, அதற்குப் பதில் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும்.

160க்கு மேற்பட்ட இனங்களை ஒரே பெயரின் கீழ் வைத்திருந்தார்கள். 2024ல் வந்த ஆய்வு அந்தக் குழுவைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டது. அதனால் புதிய புத்தகங்களில் வெண்கலக் கோரி ஆஸ்டியோகாஸ்டர் என்றும், ஸ்டெர்பாய் ஹாப்லிசோமா என்றும் இருக்கும். கடையில் எல்லாமே இன்னும் கோரிதான்.

தொட்டியைச் சுத்தம் பண்ணும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நிஜமா?

இல்லை. இந்த ஒரு நம்பிக்கையால் செத்த கோரிகள்தான் அதிகம்.

கோரி பாசி தின்னாது, மற்ற மீன்களின் கழிவையும் தின்னாது. மணலுக்குள் இருக்கும் சின்னப் புழு, பூச்சி, அடியில் விழுந்த தீனி, இவைதான் அதன் சாப்பாடு. மிச்சத் தீனியை அது பொறுக்குவதைப் பார்த்து, அழுக்கைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம். மேலே இருக்கும் மீன்களுக்கு மட்டும் தீனி போடுவோம். அவை ஒரு துணுக்கையும் கீழே விடாது. கோரி ஒன்றிரண்டு மாதத்தில் வயிறு ஒட்டிப்போய், ஒரு நாள் காலையில் ஃபில்டர் பக்கத்தில் சாய்ந்து கிடக்கும். அது பட்டினிச் சாவு.

அதைவிடக் கொடுமை, அழுக்கு சேரும் இடத்திலேயே வாழ்கிற மீன் இது. முகத்தையும் வயிற்றையும் தரையில் வைத்துத்தான் நாள் முழுக்கத் திரிகிறது. தொட்டியின் அடிப்பாகம் கெட்டால் முதல் அடி அதற்குத்தான் விழும். அதனால், கோரி வளர்க்கிறவர் மற்றவர்களைவிட அடிக்கடி தரையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

எத்தனை வாங்க வேண்டும்? ஒரு ஜோடி போதுமா?

போதாது. ஒரே வகையில் குறைந்தது ஆறு வாங்குங்கள். வெண்கலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, பாண்டாவில் ஒன்று என்று கலந்து வாங்கினால் ஒவ்வொன்றும் தனியாள்தான். தனியாக விட்ட கோரி செடிக்குப் பின்னால் ஒளிந்தே கிடக்கும். அதையே ஆறாக ஆக்கிப் பாருங்கள், ஒரே வாரத்தில் பட்டப்பகலில் தொட்டியின் நடுவில் கும்பலாக மேயும். ஒன்று நகர்ந்தால் பக்கத்தில் இருப்பதை மீசையால் தொட்டுவிட்டு நகரும். ஓய்வெடுக்கும்போதும் உரசிக்கொண்டுதான் படுக்கும்.

ஆறு வெண்கலக் கோரிக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சரியாக இருக்கும். மணல் எல்லாம் போக 50 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். உயரமான தொட்டியில் காசு போடாதீர்கள், இவற்றுக்குத் தரைப் பரப்புதான் முக்கியம். வட்டக் கண்ணாடிக் கிண்ணம் எந்தக் கோரிக்கும் ஆகாது.

எந்த வகை நம்ம வெயிலுக்குத் தாங்கும்?

என் முதல் தேர்வு ஸ்டெர்பாய். கருப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, மார்புத் துடுப்பின் முன்விளிம்பு ஆரஞ்சு. 24 முதல் 28 டிகிரி வரை சுகமாக இருக்கும், அதற்குக் கொஞ்சம் மேலே போனாலும் மற்றவற்றைவிடப் பொறுத்துக்கொள்ளும். விலைதான் கூடுதல். அடுத்தது வெண்கலம், விலையும் குறைவு, முரட்டு ஜீவன். கடையில் சிவந்த கண்ணோடு இருக்கும் வெள்ளைக் கோரி பெரும்பாலும் இதே வெண்கலத்தின் வெளிறிய வடிவம்தான்.

புள்ளி போட்ட சாம்பல் நிற மிளகுக் கோரியைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். பீகிள் கப்பல் பயணத்தில் சார்லஸ் டார்வின் சேகரித்த மீன் அது. 1842ல் ஜெனின்ஸ் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் அதற்குப் பெயர் வைத்து விவரித்தார். ஆனால் அது குளிர்ந்த நீரின் மீன், 18 முதல் 23 டிகிரி வரைதான் அதற்குச் சுகம். நம்ம ஊரில் ஏ.சி. ஓடாத அறையில் அதை வைப்பது பாவம். பாண்டாவும் கிட்டத்தட்ட அப்படியே.

பிங்க், நீலம் என்று கலர் கோரி விற்றால் வாங்காதீர்கள். வெள்ளைக் கோரிக்குச் சாயம் ஏற்றியிருப்பார்கள். சில மாதத்தில் நிறம் போய்விடும், அதுவரை அது உயிரோடு இருந்தால்.

அடியில் என்ன போடுவது? கலர் கல் போட்டிருக்கிறேன்.

எடுத்துவிடுங்கள்.

கோரி சாப்பிடுவதை ஒரு தடவை கண்ணாடிக்கு மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தால் நானே சொல்ல வேண்டியதில்லை. மூக்கை மணலில் வைக்கும், அப்படியே கண் வரைக்கும் உள்ளே இறக்கும். ஒரு நொடி உடம்பு அசையாமல் நிற்கும், வால் மட்டும் ஆடும். பிறகு இரண்டு பக்கச் செவுள் மூடியிலிருந்தும் மணல் மெல்லிய புகை மாதிரி வழியும். வாய்வழியாக எடுத்த மணலில் தீனியை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியைச் செவுள் வழியாக விடுகிறது. எதிர் வீட்டுச் சின்னப் பையன் இதைப் பார்த்துவிட்டு, “அக்கா, அது மண்ணு துன்னுதுக்கா” என்று கத்தினான். அன்று மாலை முழுக்க அவன் தொட்டியை விட்டு நகரவில்லை.

கல் பெரிதாக இருந்தால் இந்த வேலையே நடக்காது. மூக்கை நுழைக்க முடியாது, கல் இடுக்கில் போன தீனி அழுகும், அதன்மேல் மீசை உரசி உரசிப் புண்ணாகும். நன்றாகச் சலித்துக் கழுவிய ஆற்று மணல் போதும். இப்போது ஆற்று மணல் கிடைப்பது கஷ்டம். தண்ணீர் வடிகட்டும் ஃபில்டரில் போடும் சிலிக்கா மணலில் மெல்லிய ரகமாகக் கேட்டு வாங்குங்கள். கையில் தேய்த்தால் உறுத்தக் கூடாது. எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம், உடைத்த கருங்கல்லின் கூர்முனைகள் அதில் அப்படியே இருக்கும். திருவொற்றியூர் கடற்கரை கிட்டத்தில்தானே இருக்கிறது என்று அங்கிருந்து மணல் அள்ளி வராதீர்கள். உப்பும் கிளிஞ்சல் தூளும் தண்ணீரை மாற்றிவிடும்.

மணல் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அரிசி கழுவுவது போலக் கழுவுங்கள், ஆனால் ஐந்தாறு தடவை அல்ல, கலங்கல் நிற்கும் வரை. எனக்கு ஒரு பக்கெட் மணலுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

எங்கள் தெருத் தண்ணீர் ஆகுமா?

வடசென்னையில் இதற்குத் தெருவுக்குத் தெரு பதில் மாறும். அதனால் முதலில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி அது, பேனா மாதிரி இருக்கும், விலை அதிகமில்லை. மீனுக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள் அது.

மெட்ரோ வாட்டர் என்றால் பெரும்பாலும் பிரச்சினை உப்பு இல்லை, குளோரின்தான். புழல் ஏரித் தண்ணீரும், மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010ல் தொடங்கிய, நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் தண்ணீரும் நம் பக்கம் வருகின்றன. எந்தத் தண்ணீரானாலும் குளோரின் கலந்துதான் குழாய்க்கு வரும். பக்கெட்டில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் ஹைப்போ என்று படிகமாக விற்பார்கள். 10 லிட்டர் பக்கெட்டுக்கு இரண்டு மூன்று சிறு கல் கரைத்தால் போதும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்களா என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மழை வெள்ளத்துக்குப் பிறகு கட்டாயம் கேளுங்கள்.

போர் தண்ணீர் வேறு கதை. மீஞ்சூர், எண்ணூர் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். கோரி உப்பு தாங்காத மீன். டி.டி.எஸ். 300ஐச் சுற்றி இருந்தால் நல்லது, உள்ளூர்ப் பண்ணையில் பிறந்த வெண்கலக் கோரி அதற்கு மேலும் கொஞ்சம் பழகிக்கொள்ளும். உங்கள் போர் 1200 காட்டுகிறது, கேன் தண்ணீர் 50 காட்டுகிறது என்று வையுங்கள். 2 லிட்டர் போர் தண்ணீரோடு 8 லிட்டர் கேன் தண்ணீர் கலந்தால் 280 வரும். வாரம் ஒருமுறை 10 லிட்டர் மாற்றும் சின்னத் தொட்டிக்கு இது கட்டுப்படியாகும். முழுக்க முழுக்கக் கேன் தண்ணீரும் ஊற்றாதீர்கள். தாது மிகக் குறைந்த தண்ணீரில் அமிலத்தன்மை ஒரு நிலையில் நிற்காது.

வெயிலில் தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்ததை நிரப்ப மட்டும் கேன் தண்ணீரை ஊற்றுங்கள்.

புதுத் தொட்டியில் எப்போது மீன் விடலாம்?

ஃபில்டர் ஓட ஆரம்பித்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர அந்த நாள் வேண்டும். யாரிடமாவது நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அவர்களுடைய ஸ்பாஞ்சை உங்கள் தொட்டித் தண்ணீரில் பிழிந்து விடச் சொல்லுங்கள். சீக்கிரம் தயாராகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகு கொளத்தூருக்குக் கிளம்புங்கள்.

கொளத்தூரிலிருந்து கொண்டு வருவதற்குள் செத்துவிட்டது. ஏன்?

எனக்கும் நடந்திருக்கிறது. முதல் தடவை எட்டு வெண்கலக் கோரியை ஒரே கவரில் போட்டுக் கொடுத்தார்கள், நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன். மதியம், மூலக்கடையில் வண்டி நகரவே இல்லை. வீட்டுக்கு வந்து கவரைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் மேலே சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகக் கட்டியிருந்தது. நான்கு அப்போதே போய்விட்டன, மறுநாள் இன்னும் ஒன்று.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். கோரி பயந்தாலோ நெருக்கப்பட்டாலோ மார்புத் துடுப்பின் அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து ஒருவித நஞ்சை விடும். ஆற்றில் அது எதிரியை விரட்டும். மூடிய கவருக்குள் தன் கூட்டத்தையே கொல்லும். அதனால் இப்போது நான் செய்வது இது: காலை வெயில் ஏறுவதற்கு முன் போவேன். ஒரு கவருக்கு இரண்டு மீன், ஆக்சிஜன் போட்டு. கவருக்கு வேண்டுமானால் கூடுதல் காசு தருகிறேன் என்று சொல்லிவிடுவேன். கட்டுவதற்கு முன், மீனைப் பிடித்த பக்கெட் தண்ணீரை விட்டு வேறு தண்ணீரில் போடச் சொல்வேன். பிடிக்கும்போதுதான் அதிகம் பயந்திருக்கும். கவர்களைப் பழைய துணிப்பையில் இருட்டாக வைத்துக்கொண்டு நேராக வீடு. கவரில் நுரை தெரிந்தால் மிதக்கவிட்டுக் காத்திருக்காமல் உடனே மீனை மட்டும் எடுத்து நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். கவர் தண்ணீர் தொட்டிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது என்றால், மீசை முழுசாக இருக்கிறதா, வயிறு உருண்டையாக இருக்கிறதா, ஓயாமல் மேய்கிறதா, இந்த மூன்றும் போதும். அதே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் வேறு கடைக்கு நடங்கள். கொளத்தூரில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

முள் குத்துமா?

காசிமேட்டில் கெளுத்தி வாங்கியவர்களுக்குத் தெரியும், முள்ளை வெட்டிவிட்டுத்தான் கூடையில் போடுவார்கள். கோரிக்கும் அதே மாதிரி முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள் உண்டு, விறைத்துக்கொண்டால் மடங்காது. சிறியதுதான், குத்தினால் கொஞ்ச நேரம் கடுக்கும். பெரிய ஆபத்து மீனுக்குத்தான்: வலையில் முள் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். வலைக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். வலையில் சிக்கிவிட்டால் மீனை விட்டு வலையை வெட்டுங்கள்.

மே மாதத்தில் என்ன செய்வது?

தொட்டித் தண்ணீர் 32 டிகிரி தொடும் வீடுகள் நம் பக்கம் நிறைய. மொட்டை மாடிக்குக் கீழ் வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு என்றால் இன்னும் மோசம். தண்ணீர் சுடச்சுட அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படும். அதனால் முதல் வேலை காற்று: இரண்டாவது ஏர் ஸ்டோன் போடுங்கள். கண்ணாடி மூடியை எடுத்து வலை மூடி போட்டு, சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் சாய்வாக ஓடவிடுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், இரண்டு டிகிரி வரை இறங்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகமான நாளில் அவ்வளவு இறங்காது. மேற்குப் பார்த்த சுவரில் தொட்டி இருந்தால் இடத்தை மாற்றுங்கள், முடிந்தால் உயர ஸ்டாண்டை விட்டு இறக்கித் தாழ்வாக வையுங்கள்.

ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். சட்டென்று குளிர்ந்தாலும் மீனுக்கு அதிர்ச்சிதான். கோடையில் தீனியையும் குறையுங்கள்.

கரண்ட் போனால்?

2016 டிசம்பரில் வர்தா வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் நம் பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பவர் பேங்கில் ஓடுகிற யு.எஸ்.பி. ஏர் பம்பும் கிடைக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போடாதீர்கள். வளர்ந்த கோரி சில நாள் பட்டினி தாங்கும், கெட்ட தண்ணீரைத் தாங்காது. எதுவும் இல்லை என்றால் ஒரு சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு அரை அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், மணிக்கு ஐந்து நிமிடம். வர்தா இரவில் நானும் என் அம்மாவும் முறை வைத்து ஊற்றினோம். ஒரு மீனும் போகவில்லை.

கொசு மருந்து போட்டால் மீனுக்கு ஆகுமா?

ஆகாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். கொசு விரட்டும் லிக்விட், சுருள், ஸ்ப்ரே இவற்றில் வழக்கமாக இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித்தானே தண்ணீரில் விடுகிறது? மருந்தையும் சேர்த்து விடும். தொட்டி இருக்கும் அறையில் வலை கட்டிக்கொள்ளுங்கள். மாநகராட்சி வண்டி புகை அடித்துக்கொண்டு தெருவில் நுழைந்தால் ஜன்னலை மூடி, ஏர் பம்பை நிறுத்தி, தொட்டிமேல் ஈரத்துணி போடுங்கள். புகை அடங்கிய பிறகு பம்பைப் போடலாம். போகி காலையிலும் இதேதான்.

என்ன தீனி? எப்போது?

மூழ்கும் மாத்திரை அல்லது மூழ்கும் குருணை, விளக்கை அணைத்த பிறகு. மற்ற மீன்கள் அடங்கிய நேரம் அது. ஆறு கோரிக்கு இரண்டு மாத்திரை போட்டு, காலையில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் இருமுறை உறைய வைத்த ரத்தப்புழுவோ, ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலோ கொடுங்கள். கடையில் கொத்தாக விற்கும் உயிர் டியூபிஃபெக்ஸ் புழுவை நான் கொடுப்பதில்லை. சாக்கடைச் சேற்றில் வளர்வது அது. நோயையும் கூடவே கொண்டு வரும்.

சட்டென்று மேலே பாய்ந்துவிட்டுக் கீழே இறங்குகிறது. மூச்சுத் திணறலா?

எப்போதாவது என்றால் இயல்பு. கோரி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அதைக் குடலின் பின்பகுதி வழியாக உறிஞ்சிக்கொள்ளும். எல்லாமே நிமிடத்துக்கு நிமிடம் பாய்ந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு அல்லது அம்மோனியா ஏறியிருக்கிறது. உடனே கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். அதுபோல, கண் சிமிட்டுகிறதே என்று குழந்தைகள் கேட்பார்கள். இமை கிடையாது, கண்ணைக் கீழே உருட்டுகிறது, பார்க்க அப்படித் தெரியும்.

மீசை தேய்ந்திருக்கிறது, வயிற்றில் சிவப்பாக இருக்கிறது. என்ன மருந்து?

மருந்துக்கு முன் தரையைப் பாருங்கள். மணலைக் கிளறினால் நாற்றம் வருகிறதா? ட்யூபால் அடியை உறிஞ்சி, நாள்விட்டு நாள் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். வேர்வரை போகாமல் இருந்தால் மீசை மெல்ல வளர்ந்துவிடும். சிவப்பு பரவினால் அது பாக்டீரியா, தனித் தொட்டியில் வைத்துத்தான் வைத்தியம். வெள்ளைப் புள்ளி நோய்க்கு மற்ற மீன்களுக்குக் கைப்பிடி கல்லுப்பு போடுகிற வழக்கத்தை இங்கே காட்டாதீர்கள். செதில் இல்லாத உடம்பு. மாலகைட் கிரீன், ஃபார்மலின் கலந்த மருந்து என்றால் பாதி அளவில் தொடங்குங்கள். செம்பு கலந்தது வேண்டாம்.

கூட என்ன மீன் விடலாம்?

சின்ன டெட்ரா, ராஸ்போரா, கப்பி, தனியாக ஒரு ஃபைட்டர். கோல்ட்ஃபிஷ் வேண்டாம், அதற்குக் குளிர்ந்த நீர். ஆஸ்கார் வேண்டவே வேண்டாம்: கோரியை விழுங்கப் பார்க்கும், முள் தொண்டையில் மாட்டி இரண்டும் சாகும்.

முட்டையிடுமா?

இடும், நீங்கள் எதிர்பாராத நாளில். ஐப்பசி மழை கொட்டும் இரவில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் மாற்றினால் மறுநாள் காலையில் கண்ணாடியில் முட்டை ஒட்டியிருக்கும். ஊரில் மழைக்காலம் வந்துவிட்டது என்று அவை எடுத்துக்கொள்கின்றன. மேலிருந்து பார்த்தால் அகலமாக இருப்பது பெண். ஆண் பக்கவாட்டில் நிற்க, பெண் அதன் வயிற்றில் வாயை வைக்கும். இரண்டும் சேர்ந்து ஆங்கில டீ எழுத்துப் போலத் தெரியும். பெண் மீன் விந்தை வாயால் குடித்து, குடல் வழியாக வேகமாகக் கடத்தி முட்டை இருக்கும் இடத்தில் விடுகிறது என்று 1995ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெண்கலக் கோரியில் கண்டுபிடித்து எழுதினார்கள். அடிவயிற்றுத் துடுப்புகளைக் கூப்பிய கை மாதிரி சேர்த்து, அதற்குள் இரண்டு மூன்று முட்டைகளை ஏந்திக்கொண்டு அது இடம் தேடி அலைவதை நான் ஒரு நாள் அரை மணி நேரம் பார்த்தேன். கண்ணாடியை மீசையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுகிறது.

பெற்றோரே முட்டையைத் தின்னும். பழைய ஏ.டி.எம். அட்டையால் மெல்லச் சுரண்டி, அதே தொட்டித் தண்ணீர் உள்ள டப்பாவுக்கு மாற்றி, மெல்லக் காற்று விடுங்கள். தெருவோரம் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் பூஞ்சை குறையும். நான்கு நாளில் பொரியும். குஞ்சுக்கு அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா கொடுக்க வேண்டும், நாளுக்கு மூன்று வேளை. முதல் ஈட்டில் எனக்கு நின்றது ஏழு.

வேறு சின்னக் கெளுத்தி ஏதாவது?

கண்ணாடிக் கெளுத்தி அழகு, எலும்பு எண்ணலாம். தாய்லாந்து மீன், பல ஆண்டுகள் வேறொரு இனத்தின் பெயரில் விற்றுவந்ததற்கு 2013ல்தான் தனிப் பெயர் கிடைத்தது. ஆறு ஏழாக வைத்தால்தான் வாழும். கண்ணாடிப் பாசி தின்னும் ஓட்டோ, பழகிய தொட்டி இருப்பவர்களுக்கு. மணலில் புதைந்து விளையாடும் நம்ம ஊர் அயிரை கெளுத்தி இல்லை என்றாலும், அதே குணம், அதே மணல், வெயிலும் பழகியது. அதை வளர்ப்போர் குறைவு என்பது எனக்கு ஆச்சரியம்.

விரலளவு குட்டியாக விற்கும் ரெட்டெயில் கெளுத்தியையும், ஷார்க் என்று விற்கும் பங்காசியஸையும் வீட்டுத் தொட்டிக்கு வாங்காதீர்கள். இரண்டும் ஒரு மீட்டருக்கு மேல் வளரும்.

டேங்க் கிளீனர் என்று வாங்கிய சக்கர் ஒரு அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. ரெட்டேரியில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். ரெட்டேரி, புழல், ஓட்டேரி நல்லா ஓடை, பக்கிங்காம் கால்வாய், எதிலும் வேண்டாம். சக்கரும் தென் அமெரிக்கக் கெளுத்திதான், கோரிக்குத் தூரத்துச் சொந்தம். காற்றை விழுங்கி மூச்சுவிடுவதால் சாக்கடையிலும் பிழைக்கும், கரையில் வளை தோண்டி முட்டையிடும், மேலே கவசம் இருப்பதால் கொக்கும் விராலும் அதை எளிதில் தொடாது. இப்படி விட்ட மீன்கள்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. வலையில் கெண்டைக்குப் பதில் கூடை கூடையாகச் சக்கர் ஏறினால் அந்த மீனவர் வீட்டில் அன்றைக்கு என்ன இருக்கும்?

வாங்கிய கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லையென்றால் பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். என்னிடம் இருந்ததை மாதவரத்தில் மொட்டை மாடியில் தொட்டி கட்டி வைத்திருக்கும் ஒருவர் ஈரச் சாக்கில் சுற்றிப் பக்கெட்டில் வைத்து எடுத்துப் போனார். போன மாதம் போய்ப் பார்த்தேன், தொட்டிச் சுவரில் வாயை ஒட்டிக்கொண்டு நிழலில் கிடந்தது.